பேகன் தேவியின் பெயர்: பழனிமலையும் ஏட்டுக் குறிப்புகளும்



மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைத் தமிழ் படித்த எவருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பழனிமலைச் சாரலை ஆண்ட ஆவியர் குடித் தலைவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் மனைவியின் பெயரைக் கேட்டால் மட்டும் புலவர் பட்டம் பெற்றவர்கூட ஒரு கணம் யோசிப்பார். அவள் பெயர் கண்ணகி. சிலம்பு உடைத்த கண்ணகி வேறு, இவள் வேறு.

புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுகள் இவள் பொருட்டு எழுந்தவை. பேகன் இவளைக் கைவிட்டு, முல்லை வேலி சூழ்ந்த ஓர் ஊரில் வேறொருத்தியை நாடிப் போய்க்கொண்டிருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனை இடித்துப் பாடினார்கள். இவற்றில் இரண்டு பாட்டு பரணருடையவை. பசித்து வரவில்லை, காப்பாற்றச் சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் வேண்டும் பரிசில் என்று அவர் கேட்கிறார். நகையும் பொருளும் வேண்டாம், குதிரையைத் தேரில் பூட்டு என்கிறார் அரிசில் கிழார்.

ஐந்து பாட்டிலும் அவள் வருகிறாள், அழுகிறாள், கூந்தல் வாரிப் பூ முடிக்காமல் தனித்திருக்கிறாள். அவள் பெயர் மட்டும் ஓரிடத்திலும் வரவில்லை. அது பாட்டுக்குக் கீழே, யாரோ ஒருவர் எழுதிவைத்த குறிப்பில் இருக்கிறது. அந்தக் குறிப்பை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் ஒருவர் படியெடுத்திருந்தால், ஆவியர் குடி அரசிக்கு இன்று பெயரே இருந்திருக்காது.

பழனிமலையைப் பற்றியும் கோடைமலையைப் பற்றியும் சங்க நூல்கள் வழியாகக் கிடைக்கும் செய்திகளில் எவை பாட்டுக்குள் இருப்பவை, எவை பாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த குறிப்பில் இருப்பவை என்று பிரித்துப் பார்ப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம். குறிப்பு எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவரைக் கொஞ்சம் குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும்.

ஏட்டுக்கு ஓரம் ஏது?

வெனிஸ் நகரின் மார்சியானா நூலகத்தில் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலியத் சுவடி ஒன்று இருக்கிறது. தோலில் எழுதப்பட்ட அகலமான பக்கம். நடுவில் ஹோமரின் பாட்டு, அதைச் சுற்றி மூன்று புறமும் பழைய உரைக்குறிப்புகள். அந்தக் குறிப்புகளை 1788இல் வில்லுவாசோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அச்சிட்ட பிறகு ஹோமர் ஆய்வே வேறு திசையில் போனது. பாட்டு எது, குறிப்பு எது என்பது அந்தச் சுவடியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

பனையோலையின் கதை வேறு. அதன் அகலம் இரண்டு மூன்று விரல். நீளம் இருந்தாலும் உயரம் கிடையாது. மேலும் கீழும் இடம் விட்டால் ஓலை வீண். கயிறு கோக்கும் துளையைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம், இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண், சில சுவடிகளில் அதன் அருகே பொடி எழுத்தில் பகுதியின் தலைப்பு. இவ்வளவுதான் ஓரம். விட்டுப்போன எழுத்தை வரிக்கு மேலோ கீழோ சிறு குறியிட்டுச் சேர்க்கலாம். நீண்ட குறிப்பு எழுத வழியில்லை. அதனால் உரையும் குறிப்பும் வரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தன. பாட்டு, பொழிப்பு, திணை, துறை, பாடினவர் பெயர் எல்லாம் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக ஓடும். பத்துப்பாட்டை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களுக்கு, உரைக்குள் கலந்து கிடந்த மூலத்தைப் பிரித்தெடுப்பதே தனி வேலையாக இருந்தது.

இன்னொரு தொல்லை புள்ளி. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒரே வடிவம். விளைவைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ‘கோடை’ என்ற மலைப் பெயரும் ‘கொடை’ என்ற சொல்லும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். மலையா, ஈகையா என்பதை யாப்பும் உரையும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். ஏகார ஓகாரங்களுக்குக் கொம்பைச் சுழித்து வேறு வடிவம் காட்டியவர் வீரமாமுனிவர் (1680-1747). அவர் சார்ந்த இயேசு சபையாரின் மதுரை மாநில ஆவணக்காப்பகம், கோடைக்கானலுக்கு அருகே, 1895இல் தொடங்கிய செண்பகனூர் திருஇருதயக் கல்லூரியில் அமைந்தது என்பது இங்கே நினைத்துப் பார்க்கத்தக்கது.

கோடைமலையின் வேட்டுவன்

கோடை என்ற சொல் வரும் பாட்டு புறநானூறு 205. அந்தப் பாட்டில் தலைவன் கோடை மலைக்கு உரியவனாக விளிக்கப்படுகிறான், வேட்டுவன் என்று அழைக்கப்படுகிறான், அவனுடைய வேட்டை நாயும் வில்லும் சொல்லப்படுகின்றன. விருப்பமில்லாமல் கொடுத்தால் மூவேந்தர் கொடுப்பதும் வேண்டாம் என்று புலவர் மிடுக்காகத் தொடங்குகிறார். பாட்டு தரும் செய்தி இவ்வளவே. அவன் பெயர் கடிய நெடுவேட்டுவன் என்பதும், பாடியவர் பெருந்தலைச் சாத்தனார் என்பதும் குறிப்பிலிருந்து வருபவை.

இந்தக் கோடையை இன்றைய கோடைக்கானல் மலை என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அதே நூலில் 259ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் கோடை பாடிய பெரும்பூதனார். பெயரைக் கேட்டதும் கோடையைப் பற்றி அவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டு எங்கே என்று கை தேடும். 259 அதைப் பற்றியது அன்று. ஆநிரை மீட்கும் போர் பற்றியது. அவருக்கு அடைமொழி வாங்கிக் கொடுத்த பாட்டு நம் கைக்கு வரவில்லை, அடைமொழி மட்டும் வந்திருக்கிறது. மலையைப் பாடினாரா, கோடைக் காலத்தைப் பாடினாரா என்பதுகூட முடியாத வழக்கு.

பொதினியின் சாணைக்கல்

பழனியின் பழம்பெயராகக் கொள்ளப்படும் பொதினி அகநானூற்றில் இரண்டு இடங்களில் வருகிறது: 1ஆம் பாட்டும் 61ஆம் பாட்டும். இரண்டும் மாமூலனார் பாடியவை. இரண்டிலும் நெடுவேள் ஆவியின் ஊராகப் பொதினி பேசப்படுகிறது.

முதல் பாட்டில் ஓர் அழகான தொழிற்செய்தி உண்டு. சிறு காரோடன் பயினோடு சேர்த்த கல்லைப்போலப் பிரியமாட்டேன் என்று தலைவன் சொன்ன உறுதிமொழியைத் தலைவி நினைத்துப் பார்க்கிறாள். காரோடன் யார்? பயின் எது? அகராதி இல்லாமல் இன்று எவரும் சொல்ல முடியாது. சாணைக்கல் செய்பவன் காரோடன், கல்லை இறுக ஒட்டும் அரக்குப் போன்ற பிசின் பயின் என்று உரைமரபு சொல்கிறது. பொருள் தெரிந்ததும் பொதினி ஊரின் ஒரு பட்டறை கண்ணில் விரிகிறது. அரக்கில் பிடித்த சாணைக்கல். அதில் கூர் தீட்ட வரும் வேலும் வாளும்.

அகநானூற்றுக்கு முழுமையான பழைய உரை கிடையாது. முதல் 90 பாட்டுகளுக்கு மட்டும் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய குறிப்புரை உண்டு. பொதினி வரும் இரண்டு பாட்டும் அந்தத் தொண்ணூறுக்குள் விழுந்தது பழனியின் நல்லூழ். புறநானூற்றுப் பழைய உரையும் 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. அதை 1894இல் உ.வே.சா. அச்சிட்டார். பேகன் பாட்டுகளும் கோடைப் பாட்டும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டன.

அகநானூற்றில் எண்ணே ஒரு குறிப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து பத்தாக வருபவை நெய்தல். தொகுத்தவர் திணையை எழுதிவைக்க ஓலையில் இடம் தேடவில்லை, வரிசையிலேயே மறைத்து வைத்தார். 1ஆம் எண்ணும் 61ஆம் எண்ணும் ஒற்றைப்படை. எனவே பச்சை மலையான பொதினி அகநானூற்றில் வருவதெல்லாம் பிரிவைப் பேசும் பாலைப் பாட்டுகளில்தான்.

உதிர்ந்த பூக்கள்

கோடைக்கானல் என்றவுடன் குறிஞ்சி நினைவுக்கு வரும். 2006இலும் 2018இலும் மலையை நீலமாக்கிய பூ. குறிஞ்சித் திணைக்கென்றே எழுந்த குறிஞ்சிப்பாட்டு 261 அடி கொண்டது. அதில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடியபோது, முதலில் கிடைத்த சுவடிகளில் அந்தப் பூ அடுக்கில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. அது தருமபுரம் ஆதீனத்துச் சுவடியில் கிடைத்தது. நூல் 1889இல் வெளிவந்தது.

இந்தப் பாட்டு எதற்காகப் பாடப்பட்டது? ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் அகநெறியை உணர்த்தக் கபிலர் பாடினார் என்பது எல்லாரும் மேடையில் சொல்லும் செய்தி. 261 அடிகளையும் எத்தனை முறை படித்தாலும் பிரகதத்தன் அகப்படமாட்டான். அவன் இருப்பது பாட்டின் முடிவில் உள்ள குறிப்பில். தமிழ் கற்க வந்த வடநாட்டு மன்னன் என்ற பெருமிதச் செய்தி முழுவதும் அந்த ஒற்றை வாக்கியத்தின் தோளில் நிற்கிறது.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு முச்சங்க வரலாறு. தென்மதுரை, கபாடபுரம், இன்றைய மதுரை என்று மூன்று சங்கங்களையும் அவற்றின் ஆண்டுக் கணக்கையும் விரித்துச் சொல்வது இறையனார் அகப்பொருளுக்கு எழுந்த உரை. அறுபது சூத்திரங்கள் கொண்ட அந்த நூலின் மூலத்தில் இது இல்லை.

உரையாசிரியர்கள் வாசலையும் திறந்திருக்கிறார்கள். சீவகசிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில், நூற்பெயர் சொல்லாமல் ‘பிறரும்’ சொன்னார் என்ற அளவில் மேற்கோள்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பிறர் யார் என்ற கேள்விதான் 1887இல் சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சா.வைச் சங்க நூல்களின் பக்கம் இழுத்தது.

‘அவனை’ யாரை?

இனிக் குறுக்கு விசாரணை.

புறநானூற்றுக் குறிப்புகளில் பல முழுப்பெயர் சொல்வதில்லை. ‘அவனை’, ‘அவர்’ என்று சுட்டுப்பெயரோடு முடிந்துவிடும். அவன் யார் என்று தெரிய முந்தைய பாட்டின் குறிப்பைப் பார்க்க வேண்டும்; அங்கும் ‘அவன்’ என்றால் அதற்கும் முந்தையதை. ஓர் ஏடு தொலைந்தாலோ, கயிறு அவிழ்ந்து ஏடுகள் இடம் மாறினாலோ ஒருவன் புகழ் இன்னொருவன் கணக்கில் ஏறிவிடும். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இது வெறும் கற்பனை அச்சம் அன்று.

அடுத்தது காலம். கண்ணகி பாட்டுகளுக்குக் குறிப்பு தரும் திணை பெருந்திணை, துறை குறுங்கலி. குறுங்கலி என்ற துறைப்பெயர் தொல்காப்பியப் புறத்திணையியலில் இல்லை. புறப்பொருள் வெண்பாமாலையில்தான் வருகிறது. அப்படியானால் துறை வகுத்தவர் பாட்டுப் பிறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின், வேறோர் இலக்கண மரபைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். சில பாட்டுகளுக்கு ஒரு துறையைச் சொல்லி, இன்னொன்றும் ஆகும் என்று அவரே சேர்த்துக்கொள்கிறார். நச்சினார்க்கினியர் தொல்காப்பிய உரையில் அதே பாட்டுகளை வேறு துறைக்கு எடுத்துக்காட்டுவதும் உண்டு. துறைக்குறிப்பு என்பது ஒரு வாசகரின் கருத்து. அதைப் புலவர் வாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

பாடினவர் பெயரிலும் கவனம் தேவை. பெயர் தெரியாத இடத்தில் பாட்டின் உவமையிலிருந்தே பெயர் செய்துவிடும் வழக்கம் இருந்தது. குறுந்தொகையின் செம்புலப் பெயனீரார் அப்படி வந்தவர். குறிப்பு எழுதியவர் பாட்டைப் பார்த்தே செய்தி உண்டாக்கிக்கொள்ளக்கூடியவர் என்பதற்கு இது சாட்சி.

இந்த அளவுகோலைக் கண்ணகி பெயருக்கும் வைத்துப் பார்க்கலாம். அந்தப் பெயரைப் பாட்டிலிருந்து ஊகித்திருக்க முடியாது. அதற்கான சிறு தடயமும் பாட்டில் இல்லை. எனவே பாட்டுக்கு வெளியே வாய்மொழியாகவோ வேறு வழியிலோ ஒரு செய்தி வந்திருக்க வேண்டும். கணவன் பிரிந்த துயரம் என்றவுடன் சிலப்பதிகாரத்துப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதோ என்று ஐயப்படுபவருக்கும் இடம் உண்டு. முதல் வாதமே வலுவுள்ளது. பிற்காலத்தார் ஒருவர் பத்தினித் தெய்வத்தின் பெயரை வள்ளல் ஒருவன் கைவிட்ட மனைவிக்குத் துணிந்து சூட்டியிருப்பார் என்று நம்புவது கடினம்.

ஆவியர் குடியைப் பற்றிய இன்னொரு செய்தியும் இவ்வகையே. சேர மன்னர் சிலருக்கு வேளாவிக் கோமான் பதுமன் குடியோடு மண உறவு இருந்தது என்பதைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சொல்கின்றன. பதிகம் பிற்சேர்க்கை. அதைத் தவிர்த்தால் பொதினிக்கும் சேரநாட்டுக்கும் இருந்த கொண்டு கொடுத்த உறவு நமக்குத் தெரிய வழியில்லை.

கல்லும் ஓலையும்

ஏடெழுதியவர் தம்மைப் பற்றி எழுதும் கடைசிக் குறிப்பும் உண்டு. இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன கிழமை, இன்ன நட்சத்திரத்தில் எழுதி முடித்தது, எழுத்துப் பிழையைப் பெரியோர் பொறுக்க வேண்டியது, குருவே துணை. இதில் வருஷப் பெயர்தான் சிக்கல். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். அதற்குள் குறிஞ்சி ஐந்து முறை பூத்துவிடும். கொல்லம் ஆண்டோ சக ஆண்டோ சேர்த்து எழுதியிருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் கிழமையும் நட்சத்திரமும் எந்தச் சுற்றில் பொருந்தி வருகின்றன என்று கணக்குப் போட வேண்டும். தமிழ்ச் சுவடிகளின் இந்த முடிவுக் குறிப்புகளைத் தொகுத்து, காலத்தைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் வேலையை ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் சுவடியியல் மையத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் செய்திருக்கிறார்கள்.

கல் சில இடங்களில் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுப்பதில்லை. பழனிக்கு மேற்கே ஐவர்மலையில் சமணத் திருமேனிகளுக்கு அருகே ஒரு கல்வெட்டு உள்ளது. பாண்டியன் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டையும் சக ஆண்டு 792ஐயும் அது சேர்த்தே சொல்கிறது. கி.பி. 870. அந்த ஒரு வரியை வைத்து வரகுணன் 862இல் பட்டமேறினான் என்று வரலாற்றாசிரியர்கள் கணித்தார்கள். பாண்டியர் காலவரிசைக்கே அது ஒரு முளைக்கம்பு.

மலையடிவாரப் பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009-10இல் நடத்திய அகழாய்வில், ஈமக்குழியில் நெல் நிறைந்த கலமும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த புரிமனையும் கிடைத்தன. எழுத்து மூன்றே: வயர. நெல்லைக் காலக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று விடை வந்தது. புதைகுழிக்குள் வைத்த மண்பொருளின்மேல் பெயரெழுதும் பழக்கம் ஆவியர் மலையடியில் இருந்தது என்று அந்த மூன்றெழுத்து காட்டுகிறது. செண்பகனூரைச் சார்ந்த இயேசு சபைத் தந்தையர் ஆங்கிலாடும் நியூட்டனும் பழனிமலைக் கற்திட்டைகளை அளந்து எழுதிய நூல் 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. அந்தக் கற்திட்டைகளின் கீழே கிடந்தவர்களுக்குக் குறிப்பு எழுத யாரும் இல்லை.

அவைக்கு ஒரு விண்ணப்பம்

இன்று புறநானூறு மலிவுப் பதிப்பாகவும் கைப்பேசியிலும் கிடைக்கிறது. நல்லது. அவற்றில் பல, குறிப்புகளைச் சுருக்கி ‘பாடியவர், பாடப்பட்டோர்’ என்ற அட்டவணையாக்கிவிட்டன. ‘அவனை’ என்றிருந்த இடத்தில் பதிப்பாசிரியர் முழுப்பெயரை நிரப்பிவிடுகிறார். நிரப்பியது ஏட்டிலிருந்து வந்ததா, அவர் முடிவா என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. உ.வே.சா. பாடவேறுபாடுகளைப் பிரதிபேதம் என்று தனியாகக் காட்டினார். குறிப்பையும் ஏட்டில் உள்ளபடியே அச்சிட்டு, திருத்தத்தை வேறாகக் காட்டுவது பதிப்பாளர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை.

சுவடிகளைப் படமெடுக்கும் நிறுவனங்கள் வெற்றேடு என்று எதையும் ஒதுக்க வேண்டாம். ஏட்டின் இடப்பக்க ஓரம், கட்டுக்கு வெளியே கிடக்கும் முதல் ஏடு, கடைசி ஏடு, மேலும் கீழும் வைத்த சட்டப்பலகை எல்லாம் படத்தில் வரவேண்டும். பெயரும் நாளும் அங்கேதான் இருக்கும்.

பழனி, ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி வட்டாரத்துப் பழைய வீடுகளுக்கும், மருந்துச் சுவடி வைத்திருக்கும் சித்த வைத்தியர் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பரணில் ஏட்டுக்கட்டு இருந்தால் நீங்களாக எண்ணெய் தடவ வேண்டாம், கயிற்றை அவிழ்த்து வரிசையைக் கலைக்க வேண்டாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். படமெடுத்தபின் ஏட்டை உங்களிடமே திருப்பித் தரக் கேட்கலாம். கொடுக்கும்போது உடைந்த துண்டு ஏடுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.